சித்தி காணாமல் போன எட்டு நாள்

நீல நிற ஒயர் கூடை ஒன்று. கைப்பிடியில் ஓர் இழை அறுந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில், மருந்துக் கடைக்கு எதிரே பஸ் நிற்கும் இடத்தில் அந்தக் கூடையோடு சித்தி நின்றிருந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது, அவளுக்கு இருபத்தாறு. பள்ளிக்கூடம் மதியத்தோடு விட்டுவிட்ட நாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். துணி துவைத்ததில் அவள் விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. “நான் தஞ்சாவூர் போறேன். உங்கம்மாகிட்ட சொல்லிடாத, என்ன?” என்றாள். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். துணி துவைக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவளின் வாளியும் சோப்புப் பெட்டியும் குடமுருட்டி ஆற்றுப் படித்துறையில் கிடந்தன. புரட்டாசி மாதம், ஆறு கரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் ஒன்றையே நினைத்தார்கள். சித்தப்பாவும் என் அப்பாவும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, மூங்கில் கழிகளோடு கரை ஓரமாகக் கிழக்கே தேடிப் போனார்கள். அம்மா சமையலறைச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். நான் வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் சொல்லாததால் இரண்டாம் நாள் சொல்ல முடியவில்லை. இரண்டு நாளும் சொல்லாதவள் மூன்றாம் நாள் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? எட்டாம் நாள் சித்தி தானாகவே திரும்பி வந்தாள். அதன்பின் அந்த எட்டு நாளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு இப்போது நாற்பத்துநாலு. தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருஷமாக அந்த எட்டு நாளை வைத்து ஒரு நாவலுக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். எழுதுகிறேன் என்று சொன்னால் அது பொய். ரத்த மாதிரிக் குப்பிகளில் பெயர் ஒட்டிப் பழகிய கை என்பதால் ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் அட்டை போட்டேன். ஆற்றுக்குப் பச்சை, வீட்டுக்கு மஞ்சள், பஸ்ஸுக்கு வெள்ளை. முதல் அத்தியாயத்தை மட்டும் பதினோரு முறை எழுதியிருப்பேன். சிறுமி சொல்வதாக எழுதினேன், சித்தியே சொல்வதாக எழுதினேன், யாருமே சொல்லாமல் கதை தானாக நடப்பதாகவும் எழுதிப் பார்த்தேன். எதுவும் நாலாம் பக்கத்தைத் தாண்டவில்லை. நடைதான் சரியில்லையோ என்று வாக்கியங்களை ஒடித்துச் சின்னதாக்கினேன். பிறகு வர்ணனை போதவில்லை என்று தோன்றியது. நாற்றங்கால், வரப்பு, நாரை எல்லாவற்றையும் கொண்டுவந்து நிறுத்தினேன். நாரைகள் நன்றாகவே வந்தன. சித்திதான் வரவில்லை.

ஆன்லைனில் நாவல் எழுதும் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். ஒரு நாள் ஆசிரியர், “உங்க கதையோட முக்கியமான ஆளுக்கு என்ன வேணும்? ஒரே வரியில எழுதுங்க” என்றார். திரையில் மற்றவர்களின் வரிகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. நான் ‘தப்பிக்க வேண்டும்’ என்று எழுதி அழித்தேன். ‘குழந்தை வேண்டும்’ என்று எழுதி அதையும் அழித்தேன். அந்தச் சிறுமிக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்: தன்னை நம்பிச் சொன்னவளின் நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டும். என் அட்டைகள் முழுக்க அவளைத்தான் பெரிய ஆளாக்கி வைத்திருந்தேன். சித்தி ஏன் போனாள் என்று அம்மாவிடம் கேட்டபோது மாமியார் கொடுமை என்றாள். மாமாவிடம் கேட்டேன், பிள்ளை வரம் கேட்டுக் கோயில் கோயிலாகப் போனாள் என்றார். இரண்டுக்கும் அட்டை போட்டேன். எதை எங்கே செருகுவது என்று புரியாமலே ஒரு மாதம் ஓடிவிட்டது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தியிடமே போனேன். அவளுக்கு அறுபத்தொன்று. சித்தப்பா இறந்து நாலு வருஷமாகிறது. வாழைப்பூவை மடியில் வைத்து நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நாவல் என்றதும் சிரித்தாள்.

“அந்த எட்டு நாள் உனக்கு என்ன வேணும்னு இருந்துச்சு சித்தி?” என்று கேட்டேன்.

யோசிப்பாள் என்று நினைத்தேன். யோசிக்கவே இல்லை. “யாராச்சும் என்னைத் தேடி வரணும். அவ்வளவுதான்” என்றாள். “உங்க சித்தப்பா ரெண்டு மாசமா என்கூட ஒரு வார்த்தை பேசல. சண்டையும் இல்ல. நான் வீட்டுல இருக்கறது அவருக்குத் தெரியுதான்னே எனக்கு சந்தேகமாயிடுச்சு. தொவச்சுக்கிட்டு இருந்தவ அப்படியே எந்திரிச்சு வந்துட்டேன். பஸ்ஸுக்கு நிக்கறப்ப நீ வந்த.”

“என்னை நம்பித்தானே சொன்ன?”

“நம்பியா? அடி போடி. வாயில எதுவும் தங்காத புள்ள நீ. உங்கப்பா ஒளிச்சு வெச்ச பீடிக்கட்டக்கூடத் தெருவுக்கே சொன்னவ. சொல்லாதன்னு சொன்னா ஓடிப்போயி உங்கம்மாகிட்ட சொல்லிடுவ, அவங்க கிளம்பி வந்துடுவாங்கன்னுதான் உன்கிட்ட சொன்னேன். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுல சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன். நம்ம ஊரு பஸ் ஒவ்வொண்ணு வரும்போதும் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்தேன்.”

யாரும் வராததால் அவள் மாயவரம் பஸ் ஏறி, அங்கிருந்து திருக்கடையூரில் கூடப் படித்த தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள். தினமும் கோயிலில் போய் உட்கார்ந்து அறுபதாம் கல்யாணங்களைப் பார்த்திருக்கிறாள். “மாலை மாத்தும்போது ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறாங்களான்னு பாப்பேன். பாதிப் பேரு போட்டோக்காரரத்தான் பாத்தாங்க. எட்டாம் நாள் அலுத்துப்போச்சு, வந்துட்டேன்.”

இத்தனை வருஷம் பெருமையாக நினைத்திருந்த ஒரே காரியம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. “மன்னிச்சுடு சித்தி” என்றேன். “ஒம்பது வயசுப் புள்ளகிட்ட அந்த வேலையக் குடுத்தது நானு. உன்னப் போயி என்ன சொல்றது?” என்றாள். இன்னொரு பூவின் நரம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு அவளே தொடர்ந்தாள். “நான் திரும்பி வந்தப்ப உங்க சித்தப்பா ஆத்துல எறங்கித் தேடிட்டு வந்த ஈரத் துணியோட வாசல்ல நின்னாரு. என்னப் பாத்ததும் அப்படியே தரையில உக்காந்துட்டாரு. ரெண்டு பேரு புடிச்சுத் தூக்க வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம் சாகற வரைக்கும் அவரு ஆத்துல எறங்கல.”

சித்தப்பா கொல்லையில் அடிபம்பில்தான் குளிப்பார். ஆற்றங்கரையில் இருந்துகொண்டு இவருக்கு அடிபம்பு என்று பிள்ளைகள் நாங்கள் கேலி செய்திருக்கிறோம். என் அட்டைகளில் அவருக்கு இருந்தது ஒன்றே ஒன்று. அதிலும் ‘பேசாதவர்’ என்ற ஒரே சொல்தான் இருந்தது.

“அப்புறம் பேசினாரா?”

“பேசினாரு, கொஞ்சமா. ‘மழை வரும்போல’ம்பாரு. எனக்கு அது பத்தல. ஆனா சொல்லுவாரு.”

நான் அன்றே சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸில் யாராவது போய் அவளைக் கூட்டிவந்திருப்பார்கள். சித்தப்பா ஆற்றில் இறங்கித் தேடியிருக்க வேண்டாம். ஆனால் அப்போது ‘மழை வரும்போல’ என்றாவது சொல்லியிருப்பாரா? அந்தச் சிறுமி செய்தது தப்பா, சரியா? நாவல் எழுத உட்கார்கிறவளுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி? கிளம்பும்போது சித்தி கேட்டாள், “உன் கதையில அந்தப் புள்ள சொல்லிடுதா, சொல்லலையா?”

“தெரியல சித்தி.”

“தெரிஞ்சுக்கிட்டு எழுது. ஆனா அவரக் கெட்டவரா மட்டும் எழுதிடாத.”

தெரிந்துகொள்ளாமலேதான் எழுதத் தொடங்கினேன். அட்டைகளைத் தொடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, தான் தேடுவது கிடைத்துவிடக் கூடாதே என்ற பயத்தோடு கழியை ஊன்றுகிற ஒரு மனிதரிலிருந்து ஆரம்பித்தேன். முதல் முறையாக ஒன்பது பக்கம் வந்தது. நன்றாக வந்திருக்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை. வகுப்புக்கு அனுப்பவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள் சித்தி. படிக்கும்போது தாளைப் பார்ப்பதா, அவள் முகத்தைப் பார்ப்பதா என்பதே எனக்கு இன்னும் பிடிபடவில்லை.