அடி அண்ணாமலையில் பொறுக்கிய பயறு

இதை எழுத மூன்று வருஷம் தயங்கினேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுதத் தெரியாது என்பது சாக்கு, வெட்கம்தான் காரணம்.

மூன்று வருஷத்துக்கு முன், தை மாதம், இளைய மகன் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆரணியிலிருந்து காலை ஐந்தரை மணி பேருந்தில் புறப்பட்டேன். திருவண்ணாமலை அறுபது கிலோமீட்டர். டிக்கெட் ஐம்பது ரூபாய். அண்ணாமலையாரைக் கும்பிட்டுக் கிரிவலம் நடக்க வேண்டும், போகிற வழியில் பாலிகைக்குப் பயறு பொறுக்க வேண்டும். இரண்டுதான் வேலை.

பயறு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன், வரப்போகும் மருமகள் கையால் ஐந்து கிண்ணத்தில் ஐந்து தானியம் விதைப்போம். அதுதான் பாலிகை. பெரியவன் கல்யாணத்துக்கு, அதற்கும் ஐந்து வருஷம் முன், அடி அண்ணாமலை வரப்பில் காய்ந்து தொங்கிய நெற்றுகளைச் சாமி மலைப் பயறு என்று நான்தான் பொறுக்கி வந்தேன். விதைத்த பெண் தேவகி. பயறு முளைக்கவில்லை. சாமி மலை விதை பொய்க்காது, அப்படியென்றால் கைதான் ராசியில்லை என்று சபையில் சொன்னவனும் நான்தான். கல்யாணம் நின்றது.

பதினொரு மணிக்கு அடி அண்ணாமலை. அதே வரப்பில் குனிந்தேன். பக்கத்து நிலத்தில் உளுந்துச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த அம்மாள் கூப்பிட்டாள்.

"இன்னாங்க, நரிப்பயறு பொறுக்குறீங்க? மாட்டுக்கா?"

"கல்யாணப் பாலிகைக்கும்மா."

அவள் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த செடி விழுந்தது. "நல்லா வைப்பீங்க பாலிகை! பேரன் பொறந்தப்புறம் முளைக்கும்!"

ஏன் என்று கேட்டேன்.

"இது காட்டுப் பயறுங்க. தோலு கல்லு மாதிரி, தண்ணி எறங்காது. இந்த வருசம் கொஞ்சம், அடுத்த வருசம் கொஞ்சம்னு முளைக்கும். ஒரே மழைக்கு எல்லாம் எழுந்து, அப்புறம் மழை நின்னுட்டா வம்சமே போயிடுமே? வெயில் ஜாஸ்தியானா நெத்து படார்னு வெடிச்சி ஓடிடும். வூட்டுப் பயறு அப்படி இல்ல. வெடிக்காம நின்னதுதான் அந்தக் காலத்துல ஆளுங்க கைக்கு வந்துச்சி. போட்டவுடனே முளைச்சதைத்தான் அறுத்தாங்க. அதையே திரும்பத் திரும்ப விதைச்சாங்க. பருப்பும் பெருசாச்சி, முளைக்காம கெடக்குற தூக்கமும் போச்சி."

"எப்பவுமே முளைக்காதா?"

"கல்லுல லேசா தேய்ச்சி ஊற வையுங்க. அப்புறம் வந்து என்னைத் திட்டுங்க."

அன்று ஊர் திரும்பவில்லை. அறுநூறு ரூபாய்க்கு லாட்ஜில் அறை எடுத்தேன். பத்துப் பயறு. ஐந்தை ஜன்னல் கல்லில் தேய்த்தேன், ஐந்தை அப்படியே விட்டேன். இரண்டையும் தனித்தனி டம்ளரில் போட்டேன். காலை ஆறு மணிக்குப் பார்த்தால் தேய்த்தவை ஊதிப் பருத்திருந்தன. மற்றவை நேற்றுப் போலவே கறுத்துக் கிடந்தன. விதையில் குற்றமில்லை. கையிலும் குற்றமில்லை.

ஒன்பதரைக்கு ஷேர் ஆட்டோவில், இருபது ரூபாய், வேங்கிக்கால் போனேன். ஆபீஸ்கள் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள் தேவகி. அன்று மாமா என்றவள் இன்று, "எத்தனை காப்பி சார்?" என்றாள். நிமிர்ந்து பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள்.

டம்ளர் பயறைக் காட்டி எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"இதை இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சீங்களா? மீதி நாலு கிண்ணமும் முளைச்சதே சார். அதையும் இந்தக் கைதானே போட்டுச்சி?"

டம்ளரைக் கடை மேஜை மேல் வைத்தேன்.

"மூணு எடம் வந்து பார்த்தாங்க. பாலிகைச் சேதி காதுல விழுந்ததும் திரும்பிட்டாங்க. என்கிட்ட வந்து அழுது என்ன ஆவப்போவுது? சபையில சொன்னீங்கல்ல, சபையிலயே சொல்லுங்க."

இளையவன் கல்யாணத்தில் சொன்னேன். கடைப் பயறு பாலிகையில் தளதளவென்று நின்றது. சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் என் பேச்சு வேறாகிவிட்டது. "தேவகி வூட்ல மட்டமான விதை குடுத்துட்டாங்களாம்" என்றான் என் தம்பி, என் காது படவே. நான் மறுத்ததை வயசுக் கோளாறு என்றார்கள். அண்ணாமலையார் சந்நிதியில் கூட இப்போது என்னால் நிமிர்ந்து நிற்க முடிவதில்லை.

அதனால் எழுத்தில் வைக்கிறேன். இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். பொறுக்கியவன் நான், பழி போட்டவனும் நான். சொல்லும்போது என் வயசைப் பார்த்து அதில் ஒரு வார்த்தையும் குறைக்காதீர்கள். பாவம் என்று அவளுக்காக ஒரு வார்த்தையும் கூட்டாதீர்கள், அது அவளுக்குத் தேவையில்லை.