தூரம் எப்படிப் போகுது?

அதெல்லாம் ஒண்ணுமில்லத்தா, எவ சொன்னா உங்கிட்ட? கொழாயடியில பேசிக்கிட்டாளுகளாக்கும். கல்யாணமாகாத புள்ளைய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாப் போதுமே, ஒடனே மாசமா இருக்கான்னு கதை கட்டிருவாளுக! இப்பிடி உக்காரு. நடந்தத நானே சொல்றேன், போய் அவளுகளுக்கும் சொல்லு. அந்தப் பூண்டக் கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளு, பேசிக்கிட்டே தாளக் கிள்ளுவோம். எனக்கு முதுகே விட்டுப்போச்சு.

என் பேத்தி காலேஜுல ரொம்பத் தொலவு ஓடுற ஓட்டக்காரின்னு ஒனக்குத் தெரியும்ல? டீமுக்கு ஆள் எடுக்குறதுக்கு ஒரு போட்டி வச்சாங்க. மொதல்ல மழைன்னு தள்ளுனாங்க. பெறகு ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ்ஸே வரல, அதுக்குத் தள்ளுனாங்க. அதுக்கப்புறம் தேதியே சொல்லல. "எப்ப வேணாலும் இருக்கும், ரெடியா இருங்க"ன்னுட்டாங்க. அந்த ரெடிதான்த்தா எங்க ரெண்டு பேரையும் கொன்னுபுடுச்சு.

விடியமுன்ன எந்திரிப்பா. காட்டுமாடு நிக்குமேன்னு நானும் டார்ச்ச எடுத்துக்கிட்டுப் பாலம் வரைக்கும் போவேன். அவ பெருமாள்மலைப் பக்கம் ஏறி ஓடிருவா. நான் பாலத்துச் செவத்துல குத்தவச்சுப் பனியில நடுங்கிக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒருநாள் ஒரு மாடு வந்து என்னையவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. நானும் பாத்தேன். ரெண்டு பேருக்குமே வேற சோலி இல்ல பாரு! சரி, அத விடு. காலையில ஓடுறது பத்தாதுன்னு, ஓட்டம் சொல்லிக் குடுக்குற டீச்சருக்குத் தெரியாம சாயங்காலமும் ஓடுவா.

"ஏடி, ஒருநாளாச்சும் படு"ம்பேன்.

"நாளைக்கே கூப்பிட்டா என்ன அப்பத்தா பண்றது?"

"நாளைக்குக் கூப்பிட்டா ஒன்னையக் கட்டிலோடதான் தூக்கிட்டுப் போகணும்."

மொறைப்பா. சோறும் எறங்கல. ஒருநாள் தட்டுல கைய வச்சபடியே தூங்கிட்டாத்தா, பெசஞ்ச சோறு அப்பிடியே கெடக்கு. தலை வாரிவிட்டா சீப்பு நெறைய முடி. கணுக்காலுக்கு உப்பு ஒத்தடம் குடுத்துக் குடுத்து எங் கையும் ஓஞ்சுபோச்சு. அவ அப்பனும் ஆத்தாளும் வத்தலக்குண்டுல கடையப் பாக்குறாங்க, அவங்க என்னத்தக் கண்டாங்க?

அப்பத்தான் ஒருநாள் அவ குளிக்கப் போனப்ப போன் அடிச்சுச்சு. பச்சைய அமுக்குனேன். அந்த டீச்சரம்மாதான். எனக்கு இங்கிலீசு வராதுல்ல, அதனால பாவம் தமிழ்லயே கேக்குது: "பாட்டி, அவளுக்குத் தூரம் எப்படிப் போகுது? இந்த வாரம் குறைக்கச் சொன்னேன். குறைஞ்சிருக்கா?"

எனக்குத் தூரம்னா மாசாமாசம் வர்ற வீட்டுக்குத் தூரந்தான். வேற என்ன தெரியும்? பொம்பளப் புள்ளையாச்சே, டீச்சர் அதையும் விசாரிக்குது போலன்னு நெனச்சு, "குறையுறதாங்க? சித்திரையோட நின்னே போச்சுங்க"ன்னேன்.

"நின்னுபோச்சா? தினமும் ஓடுறேன்னு சொல்றாளே!"

"ஓடாம இல்லீங்க. காலையிலயும் ஓடுறா, சாயங்காலமும் ஓடுறா. தூரந்தான் இல்ல."

"ஓடுறா, ஆனா தூரம் இல்லையா?"

"ஆமாங்க. வெந்தயம் குடுத்துப் பாத்தேன், எள்ளுருண்டை குடுத்துப் பாத்தேன். ம்ஹூம்."

டீச்சருக்கு அப்பத்தான் வெளங்கிருக்குத்தா. பெறகு மெதுவா, "பாட்டி, நான் கேட்டது கிலோமீட்டர். ஆனா நீங்க சொன்னதுதான் நான் கேட்டிருக்க வேண்டியது. அவகிட்ட போனைக் குடுங்க"ன்னுச்சு.

குளிச்சுட்டு ஈரத்தலையோட வந்தவளுக்கு மானமே போச்சு. "அப்பத்தா, ஊரெல்லாம் தண்டோரா போட்டுருங்க"ன்னு ஒரே கத்து. மறுநாளே டீச்சரே வந்து டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போச்சு, நானும் கூடப் போனேன். ரத்தம் கம்மியாம். ஓடுற ஓட்டத்துக்குச் சாப்பாடு பத்தலையாம். அதான் தூரம் நின்னிருக்கு, இப்பிடியே விட்டா எலும்பே விட்டுப்போகுமாம். வேற ஒண்ணும் கெடையாது, கொழாயடியில சத்தமாவே சொல்லு.

வர்ற வழியில டீச்சர் அவகிட்டச் சொன்னுச்சு: "தேதி தெரியாதப்ப முழு பலத்தையும் எறக்கக் கூடாதும்மா. பாதியக் கையில வச்சுக்கிட்டு லேசா ஓடணும், தின்னணும், தூங்கணும். தேதி வந்தப்புறம் ஏத்திக்கலாம். இப்ப ஓடவே வேண்டாம், நட போதும்."

சொல்லி வச்ச மாதிரி மறுவாரமே தேதி வந்துருச்சு. எப்பிடி இருக்கும் சொல்லு? "இந்தத் தடவை வேண்டாம்"னு டீச்சர் சொல்லிருச்சு. அவ போகல. பூட்ஸ மடியில வச்சுக்கிட்டு நாள் பூரா அழுதா. எனக்கும், இம்புட்டு நாள் பனியில உக்காந்ததெல்லாம் இதுக்குத்தானான்னு ஒரு சோர்வு வந்துச்சு பாரு, எந்திரிச்சு அடுப்பு பத்த வைக்கக்கூட மனசு இல்ல.

பெறகு ஒழுங்கா நடந்தா, தின்னா, தூங்குனா. நெலா ரெண்டு சுத்து வந்துருச்சு. இன்னிக்கு வெள்ளனே, இருட்டோட, என் தோளத் தட்டுறா. காட்டுமாடு கனவுல இருந்தேன், பதறி எந்திரிச்சு டார்ச்சத் தேடுறேன். காதுகிட்ட வந்து, "அப்பத்தா, தூரம்"ங்குறா.

"எந்தத் தூரம்டி?"ன்னேன்.

சிரிச்சாத்தா! எத்தனையோ நாளைக்கு அப்புறம் சிரிச்சா. எனக்கும் சிரிப்பு தாங்கல, கண்ணுல தண்ணியே வந்துருச்சு. "பேசாமப் படு"ன்னு போர்த்திவிட்டேன். இன்னும் எந்திரிக்கல பாரு, வெயிலே வந்துருச்சு. டீச்சருக்கு போன் போட்டு, தூரம் நல்லாப் போகுதுன்னு நானே சொல்லணும்னு...

ஐயையோ, எங்க வெயிலு? அந்தா மேல பாரு, கருத்துக்கிட்டு வருது! வாசல்ல அம்புட்டுப் பூண்டும் காயக் கெடக்கு. எந்திரித்தா வெரசா, தார்ப்பாய அந்த முனையில பிடி. அவள எழுப்பாத, நாம ரெண்டு பேரே இழுத்துருவோம்...