மூக்கம்மாள் சொல்லாத பேர்

உத்தமபாளையத்தில் மூக்கம்மாளின் குலவையை மிஞ்ச ஆள் கிடையாது. நடவு வயலில் நின்று நாக்கைச் சுழற்றி அவள் ஒரு குலவை போட்டால், நாலு வயல் தாண்டி மண்வெட்டி பிடிப்பவனும் நிமிர்ந்து பார்ப்பான். பேச்சும் அப்படித்தான். கணக்குப்பிள்ளையானாலும் சரி, காவல்காரனானாலும் சரி, யாரையும் விட்டுவைக்க மாட்டாள். அந்தப் பொல்லாத வாய்க்குள் நுழையாதது ஒரே ஒரு பேர்தான். அது அவள் புருஷன் பேர், சுருளி.

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அந்தக் காலத்துப் பெண்கள் எல்லாருமே வாயைக் கட்டித்தான் வைத்திருந்தார்கள். மூக்கம்மாளுக்கோ அது வெறும் பேச்சல்ல. அவள் சின்னம்மா அன்னத்தாய் ஒரு சண்டையில் ஆத்திரம் தாங்காமல் நடுத்தெருவில் நின்று புருஷன் பேரைச் சொல்லி ஏசினாள். அந்த வாரமே அவர் தென்னையிலிருந்து விழுந்து செத்துப்போனார். சின்னப்பிள்ளையாக அதைக் கண்ணால் பார்த்தவள் மூக்கம்மாள். அதனால் சுருட்டு என்றுகூடச் சொல்ல மாட்டாள். 'புகையிலைக் குச்சி' என்பாள். சுருட்டை முடிக்காரி அவளுக்கு 'நெளிமுடிக்காரி'.

கம்பம் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு இப்படி ஒரு பேரை ஒதுக்கிவைப்பது லேசான காரியமா? ஆற்றுக்கு அந்தப் பேர், அருவிக்கு அந்தப் பேர், அருவிக்குப் போகிற வழியில் இருக்கும் ஊருக்கும் அந்தப் பேர். அவள் சினேகிதி மதீனாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவளும் புருஷன் பேரைச் சொல்லாதவள்தான். ஆனால் ஹனீபா என்று ஒரு மலையும் கிடையாது, அருவியும் கிடையாது. தப்பித்தாள்.

இருவர் வீட்டு வயல்களுக்கும் நடுவில் ஒரே வரப்பு. அந்த வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டே வளர்ந்த சினேகிதம் அது. அருவியைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேரும் எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில்தான் அது கூடிவந்தது. முதல் போகம் அறுப்பு முடிந்து, இரண்டாம் போகத்துக்கு நாற்றுப் பாவியிருந்த ஓய்வு. அருவிக்குப் பக்கத்துத் தர்காவில் பாத்தியா ஓத வேண்டும் என்று மதீனா வீட்டில் உத்தரவு வாங்கினாள். சுருளியும் மறுக்கவில்லை.

"கம்பத்துல நெல்லு மூடைய எறக்கிட்டு, வண்டியோட அங்கன வந்துர்றேன். திரும்பையில மூணு பேரும் ஒண்ணா வந்துரலாம்" என்றான்.

மூக்கம்மாள் அன்றுதான் முதன்முதலாக மோட்டார் பஸ்ஸில் ஏறினாள். வண்டி உறுமியதும் மதீனாவின் கையை இறுக்கிப் பிடித்தவள், புளியமரங்கள் பின்னால் ஓடத் தொடங்கியதும் கையை விட்டுவிட்டு ஜன்னலோரம் நகர்ந்துவிட்டாள். "ஆத்தாடி, மரமெல்லாம் எங்கடி ஓடுது!" என்று கத்தினாள். பஸ்ஸே சிரித்தது. அவளுக்கென்ன, கூடச் சேர்ந்து அவளும் சிரித்தாள்.

கம்பத்தில் இறங்கியதும் மதீனா வெற்றிலை வாங்கப் போனாள். மூக்கம்மாள் ஒரு ஜட்கா வண்டிக்காரனைக் கூப்பிட்டாள்.

"எங்கன போகணும்த்தா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். "அதான்... மலையிலருந்து தண்ணி விழுகுமே, அங்கன."

"குமுளிப் பக்கமா?"

"இல்லய்யா. எங்க வீட்டுக்காரக பேரு."

வண்டிக்காரன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "ஒங்க வீட்டுக்காரக யாருன்னே எனக்குத் தெரியாதே. அவுக பேர நான் எங்குட்டுப் போயித் தேடுறது?"

"பெரிய மலையடிவாரம்யா. ஊருசனம் பூராம் குளிக்கப் போகும். நீ இந்த ஊருக்காரன்தான?" மூக்கம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. வண்டிக்காரனுக்கு அதற்குள் விஷயம் விளங்கிவிட்டது; குறும்பும் வந்துவிட்டது. "மாயாண்டியா? ஒச்சப்பனா? விருமாண்டியா?" என்று ஒவ்வொரு பேராகக் கேட்டான். அவளும் ஒவ்வொன்றுக்கும் மும்முரமாகத் தலையாட்டி மறுத்தாள். மதீனா வந்து "சுருளிக்குப் போப்பா" என்று சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

அருவியின் சத்தம் முதலில் வந்தது, பிறகு சாரல், கடைசியில்தான் அருவி. மூக்கம்மாள் வாயடைத்து நின்ற நேரம் அவள் ஆயுசில் அது ஒன்றாகத்தான் இருக்கும். பாறை உச்சியிலிருந்து வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது தண்ணீர். வருஷா வருஷம் முழங்கால் சேற்றில் நின்று தான் நாற்று நடுகிற வாய்க்கால் தண்ணீருக்கும் இதற்கும் என்ன உறவோ, அவளுக்கு அழுகை வந்தது. அடுத்த நிமிஷம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அருவிக்குள் பாய்ந்தாள். தலையில் அடித்த அடியில் மூச்சு முட்டியது. வெளியே வந்து, கத்திவிட்டு, மறுபடியும் உள்ளே போனாள். "வீட்டுக்குப் போற நெனப்பே இல்லையா?" என்று மதீனா அதட்டியும் கேட்கவில்லை.

மதியத்துக்கு மேல் மதீனா தர்காவுக்குப் போனாள். மூக்கம்மாள் பாறைமேல் ஏறி முடியை உலர்த்தினாள். கீழே, ஆறு அகன்று ஓடுகிற இடத்தில், சுருளி வந்து சேர்ந்திருந்தான். மாடுகளை அவிழ்த்து நடு ஆற்றில் நிறுத்தி, அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வைக்கோலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அவள் தற்செயலாக மேலே பார்த்தாள். அருவியின் வெள்ளை செம்மண் நிறமாக மாறிக்கொண்டிருந்தது. கீழே சுள்ளென்று வெயில். உச்சி மலையில் மட்டும் கருமேகம். குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறிக்கொண்டு கரையேறினார்கள். காட்டு வெள்ளம்.

"ஏங்க! இந்தாங்க!" என்று கத்தினாள். அருவிக்கரையில் அப்படிக் கத்துகிற பெண்கள் எத்தனையோ பேர். அவன் திரும்பவில்லை. உடனே தன் பலத்தையெல்லாம் கூட்டிக் குலவை போட்டாள். அது அவன் காதில் விழுந்தது. தன் பெண்டாட்டிதான், சந்தோஷம் தாங்காமல் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். திரும்பாமலே கையை உயர்த்தி ஆட்டிவிட்டு, மாட்டின் வயிற்றைத் தேய்க்கக் குனிந்தான்.

மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு தண்ணீர் அருவியின் உச்சிப் பாறையைத் தாண்டியது. மூக்கம்மாளுக்குச் சின்னம்மா வீட்டுத் தென்னை மரம் கண்ணுக்குள் வந்துபோனது. பல்லைக் கடித்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"சுருளீ! ஏலே சுருளீ!"

அவன் சாட்டையடி பட்டவன்போல் திரும்பினான். பாறைமேல் நிற்கிறவளைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் சிவந்து வருகிற தண்ணீரைப் பார்த்தான். மாடுகளைத் தட்டி விரட்டிக்கொண்டு கரைக்குத் தாவினான். அவன் நின்ற இடத்தை வெள்ளம் மூடிக்கொண்டு போனது.

மதீனா ஓடி வந்தபோது மூக்கம்மாள் தலையிலடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "சொல்லிட்டேனேடி! அவுக ஆயுச நானே கொறைச்சுப்புட்டேனே!"

சுருளி சொட்டச் சொட்ட ஏறி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "குலவை போட்டப்ப நீ கூத்தடிக்கிறன்னுதான் இருந்தேன் புள்ள. பேரச் சொன்ன பெறகுதான் ஏதோ குடிமுழுகிப் போச்சுன்னு திரும்புனேன்" என்றான்.

"ஆயுசு கொறைஞ்சு போகும்னு அழுகுறா அண்ணே" என்றாள் மதீனா.

"கொறைஞ்சா கொறைஞ்சிட்டுப் போகுது. இன்னைக்கே முடிய இருந்ததுல எதைக் கொறைக்க?"

மூக்கம்மாளின் அழுகை சட்டென்று நின்றது. பிறகு முந்தானையால் அவன் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.

சூரியன் சாய வண்டி ஊர் திரும்பியது. மதீனாவும் மூக்கம்மாளும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசினார்கள்; பஸ்ஸையும் ஜட்காக்காரனையும் வெள்ளத்தையும் எத்தனை தடவை சொன்னாலும் அலுக்கவில்லை. சுருளி மாட்டை ஓட்டியபடியே மெதுவாகக் கேட்டான்.

"இன்னொரு தரம் கூப்புடு புள்ள. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு."

"அடுத்த வெள்ளம் வரட்டும், கூப்புடுறேன்" என்றாள் மூக்கம்மாள்.