டம்மி கணக்கில் என் தம்பி

1. பொய் சொல்ல வருமா?

"நல்லா பொய் சொல்லுவியாம்மா?"

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேனேஜர் தயாளன் சார் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையின் மேல்மாடியில் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி எங்களுடையது. கூட்டுறவுச் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களின் கணக்குகளை வைத்துக்கொள்ளவும், அவர்களின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பவும் சாஃப்ட்வேர் செய்து கொடுத்தோம். நான் டெஸ்டர். பாலிடெக்னிக்கில் படித்ததையெல்லாம் பஸ்ஸில் உருப்போட்டுக்கொண்டு பக்கத்துக் கிராமமான கூரத்திலிருந்து வந்தவள், இந்தக் கேள்விக்குத் திருதிருவென்று விழித்தேன்.

"பயப்படாதம்மா கலை. நிஜ ஆளுங்க அக்கவுன்ட் நம்பர வெச்சிக்கினு டெஸ்ட் பண்ணக்கூடாது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடும். நாமளே பொய்யா நம்பர் செய்யணும். கம்ப்யூட்டர் அத நம்பணும். ஆனா ஒலகத்துல எவனோடதாவும் இருக்கக்கூடாது. அதான் உன் வேலை."

சுலபமாகத்தான் தெரிந்தது. ஐஎஃப்எஸ்சி கோடில் முதல் நாலெழுத்து வங்கியைக் குறிக்கும். அடுத்து ஒரு பூஜ்யம், மிச்சம் கிளைக்கு. எந்த வங்கியும் வைத்திராத நாலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டோம். அக்கவுன்ட் நம்பரில் கிளை, கணக்கு வகை, வரிசை எண், கடைசியில் செக் டிஜிட். முன்னால் உள்ள எண்களைக் கூட்டிப் பெருக்கி வருகிற அந்தக் கடைசி இலக்கம் தப்பாக இருந்தால் கம்ப்யூட்டர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். இதையெல்லாம் செய்கிற புரோகிராமுக்கு ஜெனரேட்டர் என்று பெயர்.

2. முட்டையைத் தின்றது யார்?

அந்த ஜெனரேட்டர் வருவதற்கு முன்னால் நாங்கள் சோம்பேறிகள். ஒன்று இரண்டு மூன்று என்று கைக்கு வந்ததைத் தட்டுவோம். எல்லா டெஸ்ட்டும் பாஸ். சாஃப்ட்வேரைக் கொண்டுபோய்ச் சங்கத்தில் மாட்டிய பிறகு நெசவாளர் ஒருவர் மாடி ஏறி வந்தார்.

"ஏம்பா, சங்கத்துல கூலி போட்டாச்சுன்றாங்க. பேங்க்ல வரலன்றாங்க. என் நம்பருக்கு முன்னால ரெண்டு முட்டை இருந்துதே, அத யாரு துன்னது?"

எங்கள் சாஃப்ட்வேர்தான் தின்றிருந்தது. முன்னால் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று அதுவாக முடிவெடுத்து உதிர்த்துவிட்டது. நாங்கள் செய்த பொய் நம்பர் ஒன்றாவது பூஜ்யத்தில் தொடங்கியிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்போம். பொய்யைக் கூட ஒழுங்காகச் சொல்லவில்லை என்று சார் எங்களைக் காய்ச்சி எடுத்தார்.

பெயரிலும் அதே வம்பு. வெளியிலிருந்து வாங்கிய பட்டியலில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் இருந்தது. நம் ஊர் ஆட்களுக்கு இனிஷியல் ஒன்றுதான். தெலுங்கு பேசும் வீடுகளில் வீட்டுப் பெயர் முன்னால் நீளும். திருப்பருத்திக்குன்றத்து ஜைனர்களில் சிலருக்கு நயினார் பின்னால் வரும். "உங்க உங்க ஊர் ஆளுங்க பேர எடுத்துக்கினு வாங்க" என்று சார் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆபீசில் ஒரே கும்மாளம். தாமல் ஊர்க்காரன் ஒருவன் தன் மாமியார் பெயரைப் போட்டு, அந்தக் கணக்கை மட்டும் தினமும் முடக்கிக்கொண்டிருந்தான்.

நான் போட்டது: க. குணசேகரன், கூரம். என் தம்பி.

3. கணக்கு மாற்றம்

குணா ஒரு கடைக்கு லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் வண்டியைச் சுவரில் மோதிவிட்டான். தெருவே பார்க்க அப்பா கை நீட்டிவிட்டார். அவன் வீட்டுக்குள் போய்ச் சாப்பிட உட்கார்ந்தான். தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்க, எழுந்து போனவன்தான். போன் சுவிட்ச் ஆஃப். போலீசில் எழுதிக் கொடுத்தோம், தேடினோம். இன்றுவரை வரவில்லை. அம்மா தன் பழைய பட்டன் போனையும் அதன் நம்பரையும் மாற்ற விடமாட்டாள். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான்.

காலையில் டெஸ்ட் ஓட விட்டதும் திரையில் வரிசையாகப் பெயர்கள் ஓடும். 'க. குணசேகரன், வரவு வைக்கப்பட்டது' என்று வருகிற வரிக்காகக் காத்திருப்பேன். அது வந்த பிறகுதான் டீ குடிக்கப் போவேன்.

ஓசூர் மார்க்கெட்டில் அவனைப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அப்பாவும் நானும் போய் அலைந்து திரும்பினோம். மறுநாள் அவன் கணக்கை ஓசூர் டம்மி கிளைக்கு மாற்றினேன். கணக்கு மாற்றத்தையும் டெஸ்ட் செய்யத்தானே வேண்டும்? பிறகு கிருஷ்ணகிரியில் ஒரு ஓட்டலில் இருக்கிறான் என்றார்கள். கணக்கும் கிருஷ்ணகிரிக்குப் போனது. வெகுநாள் வரவு செலவு இல்லாத கணக்கை சிஸ்டம் 'செயலற்றது' என்று குறித்துவிடும். அவன் கணக்கை அப்படி ஆக நான் விட்டதே இல்லை. அவன் எங்கோ சம்பாதிக்கிறான், செலவழிக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு வேண்டியிருந்தது.

4. நாமினி டெஸ்ட்

என் பக்கத்து சீட் நஸ்ரின் கெட்டிக்காரி. கணக்குக்காரர் இறந்தால் நாமினிக்குப் பணம் போகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அதற்கு யாராவது ஒருவர் சாக வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரியை எடுத்தாள்.

அன்று காலை என் திரையில் வந்தது: 'க. குணசேகரன், காலமானார்.'

டம்மி என்று எனக்குத் தெரியாதா? அந்த நம்பரைச் செய்தவளே நான். ஆனாலும் சீட்டை விட்டு எழுந்துவிட்டேன். மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். நஸ்ரின் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"இன்னாக்கா ஆச்சு? நான்தான் மாத்தினேன். டம்மி தானேக்கா அது?"

"நம்பர்தான்டி டம்மி. ஆள் என் தம்பி."

அவள் என் பக்கத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். தயாளன் சாரும் வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தப்பு என்னுதும்மா. ஊர் ஆளுங்க பேர எடுத்துக்கினு வாங்கன்னு நான்தான் சொன்னேன். நிஜ ஆளுங்க பேரு உள்ள இருக்கக்கூடாது. எல்லாத்தையும் எடுத்துடலாம்."

எடுத்துவிட்டால் குணா அங்கேயும் இருக்க மாட்டான். காலையில் நான் யாருக்காகக் காத்திருப்பது? சீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

நஸ்ரின் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அக்கா, வெறுமனே டெலீட் பண்ணா ஜெனரேட்டர் பேரையும் ஊரையும் கலந்து திரும்பவும் அதே ஆள செஞ்சிடும். விலக்குல போட்டுடலாம்."

ஜெனரேட்டரில் விலக்கு என்று ஒரு இடம் உண்டு. எந்தக் காலத்திலும் டம்மியாக வரக்கூடாதவற்றை அங்கே எழுதி வைப்போம். அதுவரை அதில் நிஜ வங்கிகளின் கோடுகள் மட்டும்தான் இருந்தன. பெயரையும் ஊரையும் தட்டினேன். காரணம் எழுதாமல் அது சேமிக்காது.

"இன்னா போடறதுடி?"

"நிஜமான ஆளுன்னு போடுங்கக்கா. அதானே காரணம்?"

'நிஜமான ஆள்' என்று தட்டினேன்.  பிறகு பக்கத்தில் 'உயிரோடு இருக்கிறான்' என்று சேர்த்தேன். நஸ்ரின் சேவ் பட்டனை அழுத்தினாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நம்பரை எவ்வளவு வேண்டுமானாலும் நிஜம் போலச் செய்யுங்கள். உங்கள் மனிதர்களை மட்டும் அதற்குள் வைக்காதீர்கள்.

இப்போது நான் சீனியர். காலையில் டெஸ்ட் ஓடும்போது இன்னும் திரை முன்னால் நிற்கிறேன். ஜெனரேட்டர் செய்த கூரத்துப் பெயர்கள், தாமல் பெயர்கள், ஓசூர்ப் பெயர்கள் எல்லாம் ஓடி முடிகின்றன. குணா வருவதில்லை. வரவில்லை என்பதைக் கடைசி வரி வரை பார்த்து உறுதி செய்துகொண்டு டீ குடிக்கப் போகிறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா தன் பட்டன் போனை என்னிடம் நீட்டுவாள், "போன் ஏதாச்சும் வந்துதா பாரும்மா." அங்கேயும் அவன் வரவில்லைதான். அந்த வராமைக்குத்தான் என்னால் காரணம் எழுத முடியவில்லை.