வயிற்றுத் தோலில் உட்கார்ந்த கண்ணாடி

அன்று காலை சோதனைக் கூடத்தில் இருந்தவர்கள் மூவர்: தலைமை வடிவமைப்பாளர் சங்கரன் சார், கண்ணாடியை எட்டு மாதம் பாலிஷ் செய்த ரஹீம் பாய், அது உட்காரும் ஸ்டாண்டை வடிவமைத்த நான். இல்லாதவர் என் அக்கா ஸ்டெல்லா. ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை.

வாலாஜாபேட்டைக்கு வெளியே எங்கள் பட்டறை. தொலைநோக்கிக்கான ஒரு மீட்டர் கண்ணாடி மேலே பார்த்தபடி ஸ்டாண்டில் கிடந்தது. மாடியிலிருந்து ஊசித்துளை வெளிச்சத்தை இறக்கினோம். கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும் ஒளிப்புள்ளி வட்டமாக இருக்க வேண்டும். முட்டையாக இருந்தது.

"கண்ணாடி வளைஞ்சிருக்கு பாய். மறுபடி பாலிஷ்தான்," என்றார் சார்.

"எட்டு மாசம் சார்! இன்னா பேஜாரு இது!" ரஹீம் பாய் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சார், கண்ணாடிய கால் சுத்து திருப்பிப் பாக்கலாம்," என்றேன். "முட்டையும் கூடவே திரும்பினா கண்ணாடி மேல தப்பு. திரும்பலன்னா என் ஸ்டாண்டு மேல தப்பு."

"உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கிற," என்றார் சார்.

செயின் பிளாக்கில் தூக்கித் திருப்பினோம். முட்டை இருந்த வாக்கிலேயே இருந்தது. ரஹீம் பாய் எழுந்துபோய் எனக்கு டீ வாங்கி வந்தார்.

கண்ணாடியைத் தாங்குபவை பன்னிரண்டு தோல் பேடுகள். ஆம்பூர்க்காரன் என்ற தெம்பில் ரப்பர் வேண்டாம், தோலே போதும் என்று சொன்னவன் நான்தான். கேஜ் வைத்துத் தடிமனை அளந்தேன். எல்லாமே மூன்று மில்லிமீட்டர். சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரே தோலுதான்க்கா. வரிசையா வெட்டினேன்."

"மாட்டோட வயித்துப் பக்கமுமா வெட்டின?"

"வீணாவக் கூடாதுன்னு..."

"அறிவாளி! வயித்துத் தோலு லூஸ்டா. கேஜுல சரியாத்தான் காட்டும், வெயிட்டு ஏறினா அமுங்கிடும். ஷூவோட முன்பக்கத்த முதுகுலதான் வெட்டுவோம். லேசுக்குக் கீழ வர்ற நாக்குக்குத்தான் வயிறு. இதுக்கு ரெண்டு டிகிரி வேற!"

வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். அதைச் சொல்லிக்காட்டாமல் அவள் போனை வைத்ததில்லை.

அழுத்திப் பார்த்ததில், எதிரெதிர்ப் பக்கங்களில் நாலு பேடுகள் வயிற்றுத் தோல். அவை அமுங்க, பாரம் மற்றவற்றின் மேல் ஏறி, கண்ணாடி மயிரிழையில் ஒரு துளி அளவு வளைந்திருக்கிறது. மறுநாள் முதுகுத் தோலில் பன்னிரண்டையும் வெட்டிப் போட்டேன். புள்ளி வட்டமானது. கண்ணாடியைத் தொட்டுக் கும்பிடப் போன சாரின் கையை ரஹீம் பாய் தட்டிவிட்டார்.

இப்போது பேடுகளைப் பாரம் ஏற்றித்தான் அளக்கிறேன். டிராயிங்கில் "முதுகுத் தோல் மட்டும்" என்று எழுதுகிறேன்.

மொத்தச் செலவு எழுநூற்று நாற்பது ரூபாய். தோலுக்கு நூறு. மிச்சம் பிரியாணி, அக்காவையும் சேர்த்து நாலு பேருக்கு.