மூன்றாவது வளைவின் ராசிக்காரி

ஜப்பான்காரன் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்பு வரை, பினாங்கில் எங்கள் குடும்பத்துக்கே நான்தான் ராசிக்காரி. பட்டம் கொடுத்தவர் அம்மாவின் அண்ணன், என் மாமா.

மாமா ஒரு சீன முதலாளியிடம் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை ஆயர் ஈத்தாம் பக்கத்து மலைப்பாதையில் கார்ப் பந்தயம் நடக்கும். எல்லாக் கார்களும் சேர்ந்து ஓடாது. ஒவ்வொன்றாக மலையேற வேண்டும், யார் சீக்கிரம் உச்சியைத் தொடுகிறார் என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பார்கள். முதலாளியின் காரை மாமாதான் ஏற்றுவார். துரைமார்கள்கூட எழுந்து நின்று பார்ப்பார்கள். அவர் வாங்கிய நாலு கோப்பைகளில் ஒன்றில் அத்தை ஊசி, நூல் போட்டு வைத்திருந்தாள்.

மாமாவுக்கு ஐம்பது நெருங்கிவிட்டது. முதலாளியின் மகன் எப்போது தன் முறை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். "போதும்ணே, பேரோட இருக்கும்போதே விட்டுடு. இந்த வயசுல காத்தோட ஓடிப்பிடிச்சு விளையாடணுமா?" என்பாள் அம்மா. "எப்ப விடணும்னு எனக்குத் தெரியும்லா" என்பார் மாமா. ஆனால் விடமாட்டார்.

எனக்கு ஏழு வயதான வருஷம் ஒரு மஞ்சள் பட்டுப் பாவாடை வாங்கி வந்தார். பந்தயத்தன்று அதைக் கட்டிக்கொண்டு மூன்றாவது வளைவின் வெளியோரம் நான் நிற்க வேண்டுமாம். அதுதான் அந்தப் பாதையிலேயே பொல்லாத வளைவு. திருப்பத் தவறினால் நேரே சாதிக்காய்த் தோப்புக்குள் போய் மோத வேண்டியதுதான். "உன் முகத்தப் பாத்துத் திருப்பினா மாமாவுக்கு ராசி" என்றார். ராசி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் மறுகேள்வி கிடையாது. பூனை குறுக்கே போனதற்கெல்லாம் வேலைக்கு மட்டம் போட்ட பரம்பரையாயிற்றே!

அந்தக் காலைகள் இன்னும் எனக்குள் மிதந்துகொண்டிருக்கின்றன. மூடுபனி பாதையைவிட்டுப் போக மனமில்லாமல் நிற்கும். எங்கிருந்தோ கிராம்பு வாசனை வரும். கீழே, வெகு கீழே, ஒரு வண்டு முனகுவதுபோல் சத்தம் கேட்கும். அது வளரும், மறையும், பிறகு மலையே உறுமும். மாமாவின் கார் வெள்ளைப் புகைக்குள்ளிருந்து வந்து, என்னைக் கண்டதும் சொல்லிவைத்தாற்போல் திரும்பி, மேலே போய்க் கரைந்துவிடும். எனக்கென்னவோ நான்தான் அதைத் திருப்பிவிட்டதாகத் தோன்றும். இரண்டு வருஷமும் மாமாவே ஜெயித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் வருஷத்துக்குள் நான் வளர்ந்துவிட்டேன். பாவாடை முழங்காலுக்கு ஏறிவிட்டது. அம்மா இலைப்பச்சையில் புதிதாக ஒன்று தைத்தாள். "மாமா மஞ்சள்தானே கட்டச் சொன்னாரு?" என்று கேட்டதற்கு, "ராசி பொண்ணுக்கா, பாவாடைக்கா? பேசாம கட்டுடி" என்றாள். மாமா விடியும் முன்பே போயிருந்தார். அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

புதுப் பாவாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வளைவில் நின்றேன். பின்னால் தோப்பும் பச்சை, நானும் பச்சை. சத்தம் வந்தது. பனிக்குள்ளிருந்து கார் வந்தது. திரும்பவில்லை.

நேராக என்னை நோக்கி வந்தது. மாமா என்னைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன், சத்தியமாகச் சிரித்தேன். டயர்கள் கிறீச்சிட்டன. மண் என் முகத்தில் தெறித்தது. கார் நின்றபோது அதன் மூக்குச் சூடு என் பாவாடையில் பட்டது.

மாமா தூசிக்காகப் போட்டிருந்த பந்தயக் கண்ணாடியைக் கழற்றினார். உட்கார்ந்த இடத்திலிருந்து முன்னால் எக்கி, என்னையே உற்றுப் பார்த்தார்.

"மஞ்சப் பாவாடை எங்கம்மா?"

"சின்னதாயிடுச்சு மாமா. இது நல்லா இல்லையா?"

அவர் இறங்கி வந்து துணியைத் தொட்டுப் பார்த்தார். என் தலையை, தோளை, கைகளை எல்லாம் தடவிப் பார்த்தார். "ரொம்ப நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னோடு வந்து மரத்தடியில் நின்றிருந்த அம்மா வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "ஐயோ, பச்சையக் கட்டிவிட்டு ராசியக் கெடுத்துட்டேனே!" என்று அழுதாள். "நீ ஒண்ணும் கெடுக்கல தங்கச்சி" என்றார் மாமா.

முதலாளியும் மகனும் மூச்சிரைக்க வந்தார்கள். மாமா எழுந்து நின்று மலாயில் ஒரே வாக்கியம் சொன்னார்: என் கண் கெட்டுப்போய்விட்டது, இனி உங்கள் பிள்ளையே ஓட்டட்டும். எனக்கு மலாய் நன்றாகத் தெரியும். கண்ணில் தூசி விழுந்திருக்கிறது, இதற்குப் போய் யாராவது காரைக் கொடுப்பார்களா என்று மாமா மேல் கோபம்கூட வந்தது.

திரும்பும்போது முதலாளி மகன் ஓட்டினான். மாமா முதல்முறையாகப் பின்சீட்டில் உட்கார்ந்தார். பனி விலகி, உச்சி வெயில் கொளுத்தியது. சீட்டின் தோல் என் தொடையைச் சுட்டது. என் கையைப் பிடித்திருந்த மாமாவின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

"குளிருதா மாமா?"

"ஆமாம்மா" என்றார்.

பாவம் என்று, ஊர் வந்து சேரும்வரை என் இரண்டு உள்ளங்கைகளாலும் அந்தக் கையைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டுக்கொண்டே வந்தேன்.