ஃபீட் ரீடரில் வராத மரணச் செய்தி

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். மனம் ஆறாததால் எழுதுகிறேன்.

மலேசியாவில் நம்மவர் மரண அறிவிப்புகள் வரும் இணையத்தளத்தை, மகள் என் கைப்பேசியில் ஃபீட் ரீடர் என்ற செயலியில் சேர்த்துக் கொடுத்தாள். புது அறிவிப்பு தானாக வந்துவிடும். பிறகு சில வாரம் ஒன்றும் வரவில்லை. யாருக்கும் ஒன்றுமில்லை என்று தினமும் முருகனுக்கு நன்றி சொல்லி விளக்கேற்றினேன்.

ஒருநாள் கிள்ளான் பாசாரில் காய்கறி வாங்கும்போது, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் தோழி கமலாவின் மருமகளைப் பார்த்தேன்.

"அத்தை போய் கருமாதியும் முடிஞ்சிருச்சு ஆன்டி. வெப்சைட்ல போட்டோமே, பாக்கலையா?"

வீட்டுக்கு வந்ததும் மகள் என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். "வெப்சைட் அட்ரஸ் மாறிருச்சும்மா. பழசுல எப்படி வரும்?"

கமலாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. இப்போது விளக்கேற்றியதும் தோழிகளுக்குப் போன் போட்டு, குரலைக் கேட்ட பிறகுதான் முருகனுக்கு நன்றி சொல்கிறேன். இதைக் கூட்டாமல் குறைக்காமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.